மூணடுக்குக் கல் நீரூற்றுக்கு எந்த மோட்டார்? அரை எச்பியா, 18 வாட்டா?

#1 பல்லடத்து முற்றம்

வணக்கமுங்க. வீட்டு முன்னாடி தொட்டி கட்டியாச்சு. நீளம் 8 அடி, அகலம் 6 அடி, ஆழம் 2 அடி. நடுவுல திருமுருகன்பூண்டியில செதுக்கிட்டிருக்கற மூணடுக்குக் கல் நீரூற்று நிக்கப் போகுது. தண்ணி மட்டத்துல இருந்து மேல்தட்டு வரைக்கும் நாலரை அடி. உச்சியில ஒரு அடி உயரத்துக்குத் தண்ணி எழும்பி, மூணு தட்டுலயும் வழிஞ்சு இறங்கோணும். பத்துப் பன்னண்டு தங்கமீன், ஒரு ஓரத்துல அல்லி. போர் தண்ணிதான், டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்கற உப்பு அளவு) 1,200 காட்டுது.

மோட்டார் கடையில "அரை எச்பி செல்ஃப் பிரைமிங் (தானே தண்ணியை உறிஞ்சிக்கற மோட்டார்) போடுங்க, எவ்வளவு உயரம்னாலும் அடிக்கும்"ங்கறாங்க. மீன் கடையில 18 வாட்டு மோட்டார் ஒண்ணைக் காட்டி "இதே போதும்"ங்கறாங்க. பெட்டியில "உயரம் 1.8 மீட்டர், மணிக்கு 1,100 லிட்டர்"னு போட்டிருக்குது. நாலரை அடிங்கறது 1.37 மீட்டர்தானுங்களே, அப்ப போதுமல்லங்க? கல்லுல ஓட்டை இன்னும் போடலை. 20 மி.மீ. போடட்டுமான்னு கேக்கறாங்க. அதையும் சொன்னீங்கன்னா நல்லா இருக்கும்.

#2 நொய்யல்கரை

ரெண்டு கடையிலயும் அவங்கவங்ககிட்ட இருக்கறதைச் சொல்லியிருக்காங்க. உங்களுக்கு வேண்டியது ரெண்டுக்கும் நடுவுல இருக்குதுங்க.

நம்ம பக்கம் மோட்டார்னு வாயெடுத்தாலே முதல் கேள்வி "எத்தனை எச்பி?" ஆயிரம் அடி போர்ல இருந்து தண்ணி இழுக்கற ஊருக்கு அது சரியான கேள்வி. நீரூற்றுக்கு அது கடைசிக் கேள்வி. முதல்ல கேக்க வேண்டியது, எந்த உயரத்துல மணிக்கு எத்தனை லிட்டர் வேணும்ங்கறது.

பெட்டியில இருக்கற ரெண்டு எண்ணும் ஒரே நேரத்துல கிடைக்காது. ஒரே ஆள் நூறு கிலோ மூட்டையும் தூக்குவான், ஓட்டமும் ஓடுவான். மூட்டையோட ஓடுன்னா ஓடுவானா? 1.8 மீட்டர்ங்கறது தண்ணி ஏறி அப்படியே நின்னுபோற உயரம், அங்க ஒரு சொட்டு வெளிய வராது. 1,100 லிட்டர்ங்கறது உயரமே இல்லாம, குழாயே இல்லாம வாயைத் திறந்து விட்டா வர்ற அளவு. 1.37 மீட்டர்ல அந்த மோட்டார் 250-ல இருந்து 550 லிட்டருக்குள்ள ஏதோ கொடுக்கும், அதுவும் குழாய்த் தேய்மானம் (குழாய்ல தண்ணி உரசறதால போற இழப்பு) கழிக்கறதுக்கு முன்னாடி. மேல்தட்டு நனையும். உச்சியில எழும்பறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது.

இன்னொண்ணு. உயரத்தை எப்பவும் தண்ணி மட்டத்துல இருந்துதான் அளக்கோணும். மோட்டார் ஒண்ணரை அடி ஆழத்துல கிடந்தாலும் அந்த ஒண்ணரை அடி கணக்குல வராது. நீங்க சரியாத்தான் அளந்திருக்கீங்க. பல பேர் தொட்டித் தரையில இருந்து அளந்து தேவைக்கு மேல வாங்கிடறாங்க.

கணக்குப் போட ஒரு விவரம் வேணும். பெரிய தட்டோட விட்டம் எவ்வளவு? விளிம்பு முழுக்க வழியற மாதிரியா, இல்ல தண்ணி விழறதுக்கு அங்கங்க உதடு வெட்டியிருக்குதா?

#3 பல்லடத்து முற்றம்

பெரிய தட்டு ரெண்டரை அடி விட்டமுங்க. எட்டு உதடு, ஒவ்வொண்ணும் 3 செ.மீ. அகலம். விளிம்பு முழுக்க வழிய விட்டாத்தான் அழகுன்னு வீட்டுல ஒரு கட்சி இருக்குது.

#4 நொய்யல்கரை

அந்தக் கட்சிக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்க.

ஒரு விளிம்பு மேல வழியற தண்ணி 5 மி.மீ. கனம் இருந்தா, விளிம்போட ஒவ்வொரு செ.மீ.க்கும் மணிக்கு ஏறத்தாழ 23 லிட்டர் போகும். 10 மி.மீ. கனம்னா 66 லிட்டர். 15 மி.மீ.ன்னா 120 லிட்டருக்கு மேல. கனம் ரெண்டு மடங்கானா தண்ணி மூணு மடங்கு கிட்ட வருது பாருங்க. ரெண்டரை அடித் தட்டோட சுற்றளவு 240 செ.மீ. 5 மி.மீ. கனத்துக்கே 5,600 லிட்டர் வேணும். கல்லுல அதுக்கும் கம்மியா விட்டா தண்ணி ஒட்டுக்கா வழியாது, அங்கங்க நூல் நூலா பிரிஞ்சு தட்டோட அடிவயித்துல ஒட்டி ஓடும்.

உதடுன்னா 8 × 3 = 24 செ.மீ.தான். 12 மி.மீ. கனத்துக்கு செ.மீ.க்கு 87 லிட்டர். மொத்தம் 2,100 கிட்ட வருது. மணிக்கு 2,000 லிட்டர்னு வெச்சுக்கலாம். தொட்டியில இருக்கறது சுமார் 2,700 லிட்டர் (8 × 6 × 2 = 96 கன அடி, ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர்). ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஒரு தடவை முழுத்தண்ணியும் சுத்தி வந்துரும், தங்கமீனுக்கும் அது தாராளம்.

இனி உயரம். மேல்தட்டு 1.37 மீட்டர். உச்சியில எழும்ப 0.30. நாசில் (தண்ணி பீச்சற முனை) தேய்மானத்துக்கு 0.05. ஒரு இஞ்ச் குழாய் 3 மீட்டர், ரெண்டு பெண்ட் சேர்த்து 0.2-க்குள்ள. சல்லடையில பாசி பிடிச்ச பிறகும் ஓடோணும்னு ஒரு 0.2. கூட்டினா 2.1 மீட்டர்.

ஆக, 2.1 மீட்டர் உயரத்துல மணிக்கு 2,000 லிட்டர். கடையில இந்த ஒரே வரியைச் சொல்லி, பெட்டியிலயோ உள்ள இருக்கற தாள்லயோ வளைகோடு (எந்த உயரத்துல எத்தனை லிட்டர்னு காட்டற கோடு) இருந்தா அதுல இந்தப் புள்ளி எங்க விழுதுன்னு பாருங்க. வளைகோடு இல்லைன்னா ஒரு மோட்டாக் கணக்கு: நமக்கு வேண்டிய உயரமும் லிட்டரும் பெட்டியில போட்ட உச்ச அளவுல பாதியா இருக்கோணும். அப்படின்னா உச்ச உயரம் 4 மீட்டருக்கு மேல, உச்ச நீரளவு 4,000 – 4,500 லிட்டர். இந்த அளவுல வர்ற குளத்து சப்மெர்சிபிள் (தண்ணிக்குள்ளயே மூழ்கி ஓடற மோட்டார்) பெரும்பாலும் 80 – 100 வாட்டுல இருக்கும். 3 மீட்டர் / 3,000 லிட்டர்னு ஒண்ணைக் காட்டி "பக்கத்துலதானே இருக்குது"ம்பாங்க. 2.1 மீட்டர்ல அது 900 – 1,600 தான் கொடுக்கும், வேண்டாம்.

நாசில்ல ஒரு சூட்சுமம். ஒரு அடி எழும்ப, நாசில் வாயில தண்ணி வினாடிக்கு 2.4 மீட்டர் வேகத்துல வெளிய வரோணும். 2,000 லிட்டரும் அந்த வேகத்துல வரோணும்னா வாய் 17 மி.மீ. இருக்கோணும். பார்க்க வடிவா இருக்குதுன்னு 10 மி.மீ. நாசில் போட்டா, ஒரு அடி உயரத்துக்கு 690 லிட்டர்தான் வெளிய வரும். வால்வை முழுசாத் திறந்தா தண்ணி இன்னும் மேல பீச்சும், ஆனா உதடு வறண்டே கிடக்கும். வாயைச் சிறுசாக்கினா உயரம் கூடும், அளவு குறையும்.

#5 உளிச்சத்தம்

ஓட்டை விசயத்துக்கு வாரேன். 20 மி.மீ. போட வேண்டாம்னு இன்னிக்கே போன் பண்ணிச் சொல்லிருங்க.

20 மி.மீ. ஓட்டைக்குள்ள போற பிவிசி அரை இஞ்ச் குழாய், வெளிவிட்டமே 20. உள்விட்டம் 16 தான். அதுல 2,000 லிட்டர் போனா 10 மீட்டர் நீளத்துக்கு 5.8 மீட்டர் உயரம் தேய்மானத்துலயே போயிரும். முக்கால் இஞ்ச்ல ஒண்ணரை மீட்டர். ஒரு இஞ்ச்ல 0.4 மீட்டருக்குள்ள. உங்க தூணோ ஒண்ணரை மீட்டர்கூட இல்லை, ஆனா அரை இஞ்ச் போட்டா அதுலயே 0.8 மீட்டர் காணாமப் போகும். நொய்யல்கரை அண்ணன் போட்ட கணக்கு அத்தனையும் கெட்டுரும்.

ஒரு இஞ்ச் குழாயோட வெளிவிட்டம் 32. ஓட்டை 38 மி.மீ., அதாவது ஒண்ணரை இஞ்ச். மூணு துண்டுக் கல்லும் ஒரே நூல்ல வரோணும், 3 மி.மீ. விலகினாலும் குழாய் இறங்காது, அதுக்குத்தான் அந்தக் கூடுதல் இடம். "குழாயே வேண்டாம், கல் ஓட்டையிலயே தண்ணி ஏறட்டும்"னு சிலர் சொல்வாங்க. இணைப்பு ஒவ்வொண்ணுலயும் கசிஞ்சு, தூண் முழுக்க வெள்ளை வெள்ளையா உப்புக் கோடு இறங்கும். 1,200 டிடிஎஸ் தண்ணிக்கு ஆறு மாசம் போதும்.

மட்டம். இதுலதான் பாதி நீரூற்று கெடுது. ரெண்டரை அடித் தட்டு ஒரு பக்கம் 5 மி.மீ. சாஞ்சிருந்தாப் போதும், தாழ்ந்த பக்கத்து உதட்டுல மேட்டுப்பக்கத்தைவிட ரெண்டு மடங்கு கிட்டத் தண்ணி போகும். மோட்டாரைக் குறை சொல்லிட்டு இருப்பாங்க, குத்தம் கல் உக்கார்ந்ததுல இருக்கும். தட்டை வெச்ச பிறகு ரசமட்டம் வெச்சுப் பாக்கறது பத்தாது. தட்டுல தண்ணி ஊத்தி எட்டு உதடும் ஒரே நேரத்துல சொட்டுதான்னு பாத்துட்டு அப்புறம் கலவை போடச் சொல்லுங்க.

உதட்டுக்கு அடியில, முனையில இருந்து ஒரு செ.மீ. உள்ள தள்ளி, 5 மி.மீ. ஆழத்துக்கு ஒரு காடி எடுக்கச் சொல்லுங்க. தண்ணி அங்க வந்து அறுந்து விழும். காடி இல்லைன்னா கல்லோட அடியைப் பிடிச்சுட்டே தூணுக்குப் போயிரும்.

#6 கீழ்பவானி

ஏனுங்க, இத்தனை கணக்கு எதுக்குங்க? எங்க பக்கம் கோபி, சத்தில எல்லாம் அரை எச்பி செல்ஃப் பிரைமிங் ஒண்ணை வெளிய ஷெட்டுல வெச்சு, டெலிவரில ஒரு பால் வால்வு போட்டு வேண்டிய அளவுக்குத் திருகிக் கொறைச்சுக்கறாங்க. தண்ணி வேணும்னாத் திறந்துக்கலாம், வேண்டாம்னா மூடிக்கலாம். அந்தப் பிளாஸ்டிக் மோட்டாரெல்லாம் எத்தனை நாளைக்கு வரும்?

#7 நொய்யல்கரை

கீழ்பவானி, அந்த வால்வுலதான் வினையே இருக்குதுங்க.

வீட்டுக்கு டேங்க் ஏத்தற அரை எச்பி செல்ஃப் பிரைமிங்ல பெரும்பாலானது ரீஜெனரேட்டிவ் வகை. வட்டுத் தகடு மாதிரி பித்தளை இம்பெல்லர் (தண்ணியைத் தள்ளற சக்கரம்), ஓரத்துல பல்லுப் பல்லா வெட்டியிருக்கும். சாதா சென்ட்ரிஃபியூகல் (தண்ணியைச் சுழட்டி வெளிய தள்ளற) பம்புல டெலிவரி வால்வை மூடினா மோட்டார் இழுக்கற கரண்ட் குறையும். இதுல தலைகீழ், மூட மூடக் கரண்ட் ஏறும். பாதி மூடி வெச்சுட்டு நாள் முழுக்க ஓட்டினா காயில் சூடேறி, தெர்மல் கட்டாகி, கடைசியில வைண்டிங் போகும். வெச்சே ஆகோணும்னா டெலிவரில டீ (T மாதிரி மூணு வாய் இணைப்பு) போட்டு, மிச்சத் தண்ணியைத் தொட்டிக்கே திருப்பி விடோணும், வால்வை அந்தத் திருப்பு வழியில வெக்கோணும். எந்த வகையா இருந்தாலும் உறிஞ்சற பக்கத்துல வால்வு வெச்சுக் குறைக்கவே கூடாது. சரளைக்கல் அரைக்கற மாதிரி சத்தம் வந்து இம்பெல்லர் பொத்தல் பொத்தலாயிரும்.

அந்தத் தகடுக்கும் உடம்புக்கும் நடுவுல தாள் கனம்தான் இடைவெளி. தொட்டியில மணல் வந்தாத் தேயும், உப்புத் தண்ணில ஒரு வாரம் நின்னாப் பிடிச்சுக்கும். அப்புறம் பின்பக்கம் ஃபேன் மூடி வழியா ஸ்க்ரூ டிரைவர் விட்டுத் தண்டைத் திருகித்தான் கிளப்போணும்.

கரண்டையும் பாருங்க. 2,000 லிட்டரை 2.1 மீட்டர் ஏத்தறதுக்குத் தண்ணி வாங்கிக்கற சக்தி 11.5 வாட். அரை எச்பி மோட்டார் தண்டுல கொடுக்கறது 373 வாட், மீட்டர்ல இழுக்கறது 600 கிட்ட. நாளைக்கு 8 மணி நேரம் ஓட்டினா 4.8 யூனிட், ரெண்டு மாச ரீடிங்குல 288 யூனிட். 90 வாட்டு மோட்டார்னா அதே ரீடிங்குல 43.

#8 கீழ்பவானி

வால்வு கதை நெசமாவே தெரியாதுங்க, ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு சொல்லுங்க. அரை எச்பி எரிஞ்சா எந்தச் சந்துலயும் காயில் கட்டித் தருவாங்க. அந்தக் குளத்து மோட்டார் எரிஞ்சா? ரெசின் ஊத்தி மூடினது, தூக்கிப் போடறதைத் தவிர என்ன வழி?

#9 நொய்யல்கரை

அது நியாயமான கேள்விதான். காயில் எரிஞ்சா அது குப்பைதான், மறுக்கலை. ஆனா அந்த வகையில காயில் எரியறது அபூர்வம். கெடறது மூணு: ரோட்டார் (உள்ள சுத்தற காந்த உருளை), பீங்கான் தண்டு, ரெண்டு முனையிலயும் இருக்கற ரப்பர் புஷ். அதனால வாங்கற அன்னிக்கே "ரோட்டார் செட் தனியா கிடைக்குமா?"ன்னு கேளுங்க. கிடைக்கும்னா ஒண்ணு சேர்த்து வாங்கி வெச்சுக்கங்க. கிடைக்காதுன்னா அந்த மாடலை விட்டுருங்க, எவ்வளவு மலிவா இருந்தாலும் சரி. கூலர் மோட்டாரும் இதே மாதிரிதான் இருக்கும், ஆனா உயரம் பத்தாது, ஒயரும் மெல்லிசு. அதைக் குளத்துல போடாதீங்க.

மோட்டாரைக் கழட்டிப் பாக்கறவங்க ஒண்ணைப் பாத்துப் பயந்துக்கறாங்க. இம்பெல்லரை விரல்ல பிடிச்சுத் திருப்பினா, காந்த உருளை அசையாம இம்பெல்லர் மட்டும் அரைச் சுத்து லொடலொடன்னு சுத்தும். உடைஞ்சு போச்சுன்னு பசை போட்டு ஒட்டிடாதீங்க. அந்த லொடலொடப்பு வேணும்னே விட்டது. இந்த மோட்டார்ல கெபாசிட்டர் கிடையாது. காந்தம் முதல்ல சுமையில்லாம அரைச் சுத்து சுத்தி வேகம் பிடிச்சுத்தான் இம்பெல்லரைத் தள்ளும். ஒட்டிட்டா உர்ருன்னு நிக்கும், கிளம்பாது. எந்தப் பக்கம் வேணும்னாலும் சுத்தும், அதனால கிளம்பற அந்த ஒரு நொடி கடகடங்கறதும் இயல்புதான்.

#10 மின்சுற்று

மீன் தொட்டி, குழந்தைங்க கை விடற இடம். மோட்டார் வாங்கறதுக்கு முன்னாடி இதை முடிங்க.

இந்த இணைப்புக்குன்னு தனியா 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே துண்டிக்கற சுவிட்சு). எம்சிபி (அளவுக்கு மேல கரண்ட் போனா விழற சுவிட்சு) மட்டும் இருந்தாப் பத்தாது; எம்சிபி ஒயரைக் காப்பாத்தும், ஆளைக் காப்பாத்தாது. ஷாக் அடிக்கிற அளவு கரண்டுக்கு அது அசையவே அசையாது. ஆர்சிசிபில டெஸ்ட் பட்டனை மாசம் ஒரு தடவை அழுத்திப் பாருங்க. ஓடற மோட்டார் சட்டுனு நிக்கோணும். எர்த் கம்பி உண்மையிலயே எர்த் குழி வரைக்கும் போகுதான்னு எலக்ட்ரீஷியனை அளந்து பாக்கச் சொல்லுங்க. மூணு பின் சாக்கெட் இருக்கறதால எர்த் இருக்குதுன்னு அர்த்தமில்லை.

மோட்டார்ல ஐபி68 (தண்ணிக்குள்ள மூழ்கினாலும் தாங்கும்ங்கற குறி) போட்டிருக்கோணும். ஒயர் எவ்வளவு நீளம் வருதுன்னு பெட்டியிலயே பாருங்க: ஒண்ணரை மீட்டர் ஒயரோட வர்றதும் உண்டு, 10 மீட்டரோட வர்றதும் உண்டு. உங்க தொட்டிக்கு 10 மீட்டர் வேணும். தண்ணிக்குள்ள ஜாயிண்ட் போடவே கூடாது, டேப் எத்தனை சுத்துச் சுத்தினாலும். இணைப்புப் பெட்டி ஐபி65 (தண்ணி பீச்சினாலும் தாங்கறது), தரையில இருந்து ரெண்டடி மேல, மழை படாத பக்கம். தொட்டிக்குள்ள கை விடறதுன்னா பிளக்கைக் கழட்டிட்டு. சுவிட்சை அணைச்சாப் போதாது.

மோட்டாரை ஒயரைப் பிடிச்சுத் தூக்காதீங்க. கைப்பிடியில நைலான் கயிறு ஒண்ணு கட்டி ஓரத்துல விட்டு வெச்சிருங்க.

கரண்ட் போனா இன்வெர்ட்டர்ல ஓட்டலாமான்னு அடுத்து கேப்பீங்க. ஸ்குயர் வேவ் இன்வெர்ட்டர்ல இந்த மோட்டார் உறுமும், சில சமயம் கிளம்பாது. சைன் வேவ்னா தொல்லை இல்லை.

#11 ஆனைமலைக்காத்து

இழைக்குள்ள புகுந்து கேக்கறேன், மன்னிச்சுக்கங்க. பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வீடு. நீரூற்று இல்லை, சின்ன அருவி. கல் அடுக்கி 5 அடி உயரம், மேல 2 அடி அகலத்துல விளிம்பு. அதுக்கும் 90 வாட் போதுமுங்களா?

பல்லடத்துக்காரங்களுக்கு ஒண்ணு: உங்க பக்கமும் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வைகாசி கடைசியில கிளம்பினா ஆவணி தாண்டித்தான் அடங்கும். ஒரு அடி எழும்பறது தாங்கும். ஆசைப்பட்டு நாலடி பீச்ச விட்டீங்கன்னா ஆடியில தொட்டித் தண்ணி பக்கத்து வீட்டு வாசல்ல கிடக்கும். காத்தில்லாத எடத்துல பீச்சற உயரம் தொட்டி அகலத்துல பாதி வரைக்கும் போகலாம். நம்ம ஊர்ல மூணுல ஒரு பங்குக்கு மேல வேண்டாம். குடை மாதிரி மெல்லிசா விரியற நாசிலும் நம்ம காத்துக்கு ஆகாது, கிழிச்சுப் போட்டுரும். தடிச்சு எழும்பற ஒத்தைத் தண்ணிதான் நிக்கும்.

#12 நொய்யல்கரை

அருவி வேற கணக்குங்க. 2 அடின்னா 60 செ.மீ. 10 மி.மீ. கனத்துக்கு மணிக்கு 4,000 லிட்டர். சத்தமும் வேணும்னா 15 மி.மீ., 7,300 லிட்டர். உயரம் 1.5 மீட்டர், தேய்மானம் சேர்த்து 2.2. குழாய் ஒண்ணரை இஞ்ச், அதுக்குக் கீழ போகாதீங்க. இந்த அளவுக்கு "குறைஞ்ச உயரம், நிறைய தண்ணி"ன்னு வர்ற குளத்து மோட்டார் 110 – 150 வாட் வேணும். கீழ்பவானி சொன்ன காயில் கட்டற வசதி முக்கியம்னா இங்க அரை எச்பி ஓப்பன்வெல் சப்மெர்சிபிளை (கிணத்துத் தண்ணிக்குள்ள மூழ்கி ஓடற வகை) யோசிக்கலாம், கரண்ட் பில்லைத் தாங்கிக்கறதா இருந்தா. ஆனா உள்ள எண்ணெய் நிரப்பின வகையா, தண்ணி நிரப்பின வகையான்னு கேட்டுட்டு வாங்குங்க. எண்ணெய் வகையில சீல் போனா மீனெல்லாம் மிதக்கும்.

அருவியில மோட்டார் கிளம்பினதும் மேல் தொட்டியும் கல் இடுக்கும் குழாயும் நிறைஞ்ச பிறகுதான் தண்ணி திரும்பி வரும். அதுவரைக்கும் கீழ்த்தொட்டி மட்டம் இறங்கும். நிறுத்தினா அத்தனையும் கீழ வரும். பல்லடத்துக்காரங்க மாதிரி 8 × 6 தொட்டியில ஒரு இஞ்ச் மட்டம்னா 113 லிட்டர். ஓடும்போது மோட்டார் மேல அரை அடித் தண்ணியாவது நிக்கோணும், இல்லைன்னா சுழி போட்டுக் காத்தை இழுக்கும். நிறுத்தும்போது வழிஞ்சு போகாத அளவுக்கு மேல இடமும் விடோணும்.

தோப்புன்னு சொன்னதால இதையும் சொல்லிடறேன். தென்னம்பாளை வெடிச்சா உதிர்ற அந்த மஞ்சப்பூ, அரிசிமணி அளவுதான் இருக்கும், மிதந்துட்டே இருந்துட்டு ரெண்டாம் நாள் ஊறி அமிழும். அமிழ்ந்ததும் நேரா சல்லடைக்குத்தான் வரும். மோட்டார் கூடவே வர்ற சின்னச் சல்லடை ஒரு வாரம் தாங்காது. ஒரு பிளாஸ்டிக் காய்கறிக் கூடைக்குள்ள மோட்டாரை வெச்சு, சுத்தியும் கொசுவலையில்லாம கொஞ்சம் பெரிய கண் வலை சுத்துங்க. பரப்பு பெருசானா இழுவை குறையும், பூ ஒட்டிக்காது.

#13 உப்புத்தண்ணி

1,200 டிடிஎஸ்னு படிச்சதும் வந்தேன்.

உங்க தொட்டிப் பரப்பு 48 சதுர அடி, 4.5 சதுர மீட்டர். சித்திரை வெயில்ல நாளைக்கு 6 மி.மீ. ஆவியானா 27 லிட்டர். தெறிச்சுப் போறது தனி. ஆவியாப் போறது வெறும் தண்ணி; உப்பு தொட்டியிலயே தங்கிருது. குறையறதை அதே போர் தண்ணியில நிரப்பறீங்க. ரெண்டு மாசத்துல 1,600 லிட்டர் அப்படி உள்ள போகும், கூடவே 1,600 லிட்டரோட உப்பும். 1,200-ல ஆரம்பிச்சது 1,900 பக்கம் வந்து நிக்கும். அதுக்கு மேல சுண்ணாம்பு தண்ணில நிக்க முடியாம வெளிய வந்து படியும். எங்க படியும்? தண்ணி மெல்லிசா ஓடிக் காயற நாசில் வாயிலயும் உதட்டுலயும், சூடேறற ரோட்டார் அறையிலயும்.

மாசம் ஒரு தடவை கால்வாசித் தண்ணியை இறைச்சுச் செடிக்கு ஊத்திட்டுப் புதுசு நிரப்புங்க. மாடி மழைத்தண்ணி கிடைச்சா முதல் நிரப்பு அதுல. சிறுவாணித் தண்ணி வர்ற வீட்டுக்காரங்களுக்கு இந்தக் கவலையே கிடையாது, அவங்க யோகம்.

மூணு மாசத்துக்கு ஒரு தடவை மோட்டாரைக் கழட்டிக் கழுவோணும். முன் சல்லடையை எடுத்து, இம்பெல்லர் மூடியைத் திருகினா வந்துரும். ரோட்டாரை நேரா இழுங்க. காந்தம் திருப்பி உள்ள இழுக்கும், கோணலா இழுத்தா பீங்கான் தண்டு சாக்பீஸ் மாதிரி முறியும். மளிகைக் கடையில எலுமிச்சை உப்புன்னு கிடைக்கும், அதான் சிட்ரிக் அமிலம். ஒரு லிட்டர் தண்ணிக்கு 50 கிராம் கலக்கி, ரோட்டாரையும் நாசிலையும் ஒரு மணி நேரம் ஊற விட்டுப் பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷுல தேயுங்க. நுரைக்கறது நின்னா சுண்ணாம்பு போயிருச்சு. நல்ல தண்ணில அலசிட்டுப் போடுங்க. கக்கூஸ் கழுவற ஆசிட்டைத் தொடாதீங்க, ரப்பரையும் ஸ்குரூவையும் தின்னுரும், கழுவாம விட்ட கொஞ்சநஞ்சம் மீனுக்கும் ஆகாது. கல்லு மேல படிஞ்சதுக்கும் ஆசிட் வேண்டாம், நனைச்சு பிளாஸ்டிக் பிரஷ்.

மோட்டார் உறுமிட்டு நின்னா காயில்னு முடிவு கட்டாதீங்க. அல்லி வாங்கிட்டு வரும்போது கூடவே மிளகு அளவு நத்தை வரும். அது இம்பெல்லர் அறைக்குள்ள போய் உக்காந்திருக்கும்.

#14 பல்லடத்து முற்றம்

எல்லாத்துக்கும் நன்றிங்க. பூண்டிக்குப் போன் பண்ணி 38 மி.மீ. ஓட்டை, உதட்டுக்கடியில காடி ரெண்டும் சொல்லிட்டேன். இன்னும் ரெண்டு சந்தேகம். டைமர் போட்டு ராத்திரி நிறுத்தலாமுங்களா? சோலார்ல ஓட்ட முடியுமுங்களா?

#15 உப்புத்தண்ணி

மீன் இல்லைன்னா நிறுத்துங்க. மீன் இருந்தா, ராத்திரிதான் அதுக்கு மூச்சு முட்டும். வெளிச்சம் இல்லாதப்ப பாசியும் செடியும்கூட ஆக்சிஜனை எடுத்துக்கும், விடியறதுக்கு முன்னாடிதான் தண்ணில ரொம்பக் கம்மியா இருக்கும். பகல்ல உச்சி வெயில்ல நாலு மணி நேரம் நிறுத்தலாம், ஆவியாகறதும் தெறிக்கறதும் குறையும். ராத்திரி முழுசா ஓட விட மனசில்லைன்னா, அக்வேரியக் காத்து பம்பு சின்னது ஒண்ணு தனியாப் போடுங்க.

அல்லியைத் தண்ணி விழற இடத்துல இருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, மூலையில வைங்க. இலை மேல சொட்டிட்டே இருந்தாலும் தண்ணி ஓடிட்டே இருந்தாலும் அதுக்குப் பிடிக்காது, இலை அழுகும், பூவும் வராது.

#16 மின்சுற்று

சோலார் முடியும். 12 வோல்ட் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி) மோட்டார் 40 – 50 வாட், பேனல் 100 வாட். பேட்டரி இல்லாம நேரா இணைச்சா மேகம் வந்ததும் நீரூற்று குனியும், போனதும் நிமிரும். ராத்திரிக்கு உதவாது, அதனால உங்களுக்கு மீன் விசயத்துல இது பத்தாது.

12 வோல்ட்டுல ஒயரைக் கவனிங்க. பேனல் 20 மீட்டர் தள்ளி மாடியில இருந்தா, 1 சதுர மி.மீ. ஒயர்ல 4 ஆம்பியர் போகும்போது 2.9 வோல்ட் வழியிலயே போயிரும். மோட்டாருக்கு மிஞ்சறது 9 சொச்சம். 4 சதுர மி.மீ. போட்டா இழப்பு 0.7. இல்ல, 24 வோல்ட் மோட்டாரா வாங்குங்க.

#17 பல்லடத்து முற்றம்

சரிங்க, கரண்ட்டுலயே ஓட்டிக்கறேன். 4.2 மீட்டர், 4,500 லிட்டர், 10 மீட்டர் ஒயர், 90 வாட்டுல ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன், ரோட்டார் செட்டும் தனியா தர்றாங்களாம். கூடவே படிக்கட்டு மாதிரி நுனி சிறுத்துட்டே போற ஒரு பிளாஸ்டிக் மூக்கு வருது, அரை இஞ்ச், முக்கால், ஒண்ணுன்னு. அதுல ஒரு இஞ்ச் ஓஸை மாட்டினாப் போதுங்களா?

#18 நொய்யல்கரை

நல்லவேளை கேட்டீங்க. அப்படியே மாட்டினா ஓஸ் ஒரு இஞ்ச் படியில உக்காரும், ஆனா தண்ணி அந்த அரை இஞ்ச் நுனி வழியாத்தான் வெளிய வரும். ஹேக்சா பிளேடால ஒரு இஞ்ச் படி முடியற இடத்துல முன்னாடி இருக்கறதையெல்லாம் அறுத்து எறிஞ்சிருங்க, பிசிறை உப்புத்தாள் போட்டுத் தேச்சுட்டு ஓஸை மாட்டி கிளிப் போடுங்க. அப்புறம் ஒரு யூனியன் (குழாயைக் கழட்டி மாட்டற இணைப்பு), ஒரு பால் வால்வு. இது சென்ட்ரிஃபியூகல்தான், டெலிவரியில தாராளமா மூடிக் குறைக்கலாம். மோட்டாரை அரைச் செங்கல் மேல வைங்க, தரைச் சேறு உள்ள போகாது. நாசில் வாய், மேல்தட்டுத் தண்ணிக்கு மேல ஒரு இஞ்ச் நீட்டியிருக்கட்டும். தண்ணிக்குள்ள அமுங்கினா உயரம் பாதியாகி நுரைதான் வரும்.

#19 உளிச்சத்தம்

மோட்டாரைத் தூணுக்கு அடியில பீடத்துக்குள்ள ஒளிச்சு வெக்கலாம்னு யாராவது சொல்வாங்க, பார்வைக்கு நல்லாத்தான் இருக்கும். கேக்காதீங்க. பீடத்துக்குப் பக்கத்துல, கை விட்டு எடுக்கற மாதிரி ஒரு அடி இடம் விட்டு வைங்க. பீடத்துல பக்கவாட்டு ஓட்டையும் அதே 38 மி.மீ., தண்ணி மட்டத்துக்குக் கீழயே இருக்கட்டும். கல் ஏத்தற அன்னிக்குக் குழாயை முதல்ல நிறுத்திட்டு, அது மேல துண்டைக் கோத்து இறக்கச் சொல்லுங்க. குழாய் வாயில பழைய துணி அடைச்சு வைங்க, கல்தூள் உள்ள விழுந்தா முதல் நாளே ரோட்டார் போகும்.